நொய்யலும் நம்மவரும்

(நமது சங்கத்தின் ஆண்டு மகாசபைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

நதிநீரைக் காத்தற்பொருட்டு அரசாங்கத்தார் செய்துள்ள முயற்சிகளைப் பற்றி இம்மகாசபையில் பேசவேண்டுமென்று காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தார்கள். அரசாங்கத்தார் செய்தது இது, செய்யத் தவறியது இது என்று வாசித்துவிட்டு அமர்வது எளிது. கேட்போர்க்கும் அது சுகமாகவே இருக்கும். குற்றமெல்லாம் கோட்டையில் இருப்போரைச் சேர்ந்துவிடுமன்றோ? ஆயினும் நொய்யலாற்றின் கதையை நம்மவர் முன்னிலையில் அங்ஙனம் சொல்ல எம் மனம் இடந்தரவில்லை. அவ்வாற்றில் சாயநீரை விட்டவர்களிலும் நம்மவர் உண்டு. அந்நீரால் நிலம் பாழானவர்களிலும் நம்மவர் உண்டு. இரு திறத்தாரும் இம்மண்டபத்தில் அருகருகே அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுள் பங்காளிகள் உளர்; மாமன் மைத்துனர் உளர். இக்கதையில் வழக்காடிய இரு கட்சியினர்க்கும் ஒரே பந்தியில் இலை போட்டவர்கள் நாம். ஆகவே எதையும் மறையாமல் பேசுவதே முறை என்று துணிந்தோம்.

நொய்யல் பேராறன்று. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றிப் பேரூரைத் தழுவி, கோயம்புத்தூர், திருப்பூர் நகரங்களின் ஊடே ஓடி, ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து, தன் பெயரையே கொண்ட நொய்யல் என்னும் ஊரருகே காவிரியிற் கலக்கிறது. ஓடும் தூரம் சுமார் 180 கிலோமீட்டர். காஞ்சிமாநதி என்பது அதன் பழம்பெயர். அதன் கரையிலுள்ள கொடுமணலில் நிலத்தை அகழ்ந்தோர், மணிக்கற்களை அறுத்துப் பட்டை தீட்டிய தொழிற்கூடங்களையும், இரும்பு உருக்கிய உலைகளையும், எழுத்துப் பொறித்த பானையோடுகளையும் கண்டெடுத்திருக்கின்றனர். பதிற்றுப்பத்தில் பேசப்பெறும் கொடுமணம் இதுவேயென்பது அறிஞர் கொள்கை. எனவே இவ்வாற்றங்கரையில் கைத்தொழில் நடப்பது புதிதன்று. தொழிலும் ஆறும் ஈராயிரம் ஆண்டுகளாக ஒன்றையொன்று கெடுக்காமல் வாழ்ந்திருக்கின்றன. இதைத் தொழில் நடத்துவோரின் ஆறுதலுக்காகவும் சொல்கிறோம், அவர்தம் வெட்கத்துக்காகவும் சொல்கிறோம்.

இவ்வாறு ஆண்டு முழுதும் பெருக்கெடுப்பதன்று என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளம், மற்றைக் காலத்தில் மணல். கழிவைக் கரைத்து அடித்துக்கொண்டு போகும் வலிமை அதற்கு இல்லை. கோடைக்காலத்தில் ஒரு பட்டறையின் வாய்க்கால் வந்து விழுந்தால், விழுந்த நீரே ஆறு.

இனிச் சாயத்தொழிலின் இயல்பைச் சிறிது சொல்ல வேண்டும். பட்டறை வைத்திருப்போர் பொறுத்தருள்க. பெண்மக்களும் கல்லூரி மாணாக்கரும் அறிந்துகொள்ளவே சொல்கிறோம். பருத்தித் துணியில் இக்காலத்துச் சாயம் தானே சென்று பற்றாது. தொட்டியில் உப்பைக் கொட்டினால்தான் சாயம் நீரை விட்டுத் துணியை நாடும். அடர்ந்த நிறங்களுக்கு ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ வரையிலும் உப்பு வேண்டியிருக்கும். அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை. தன் வேலையை முடித்துவிட்டு, போட்ட அளவு அப்படியே கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது. பற்றாத சாயமும், வெளுப்பதற்கு இட்ட காரமும் அதனோடு கூடிச் செல்கின்றன. சிவப்பும் நீலமுமாக ஆறு ஓடியதைக் கண்டு பத்திரிகைக்காரர் படம் பிடித்தனர். நிறம் கண்ணுக்குத் தெரியும் பகை. அதனை எப்படியும் நீக்கிவிடலாம். நிலத்தைக் கொன்றது கண்ணுக்குத் தெரியாத உப்பு.

இவ்வேறுபாட்டை அறியாமையாலேயே, அன்றி அறிந்தும் பாராமுகமாயிருந்தமையாலேயே, அரசாங்கத்தாரின் முதல் முயற்சிகள் வீணாயின. அவர்கள் சட்டமியற்றத் தவறினார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. நீர் மாசுபடுதலைத் தடுக்கும் மத்திய சட்டம் 1974-ல் பிறந்தது. நம் மாநிலத்தில் அதற்குரிய வாரியம் 1982-ல் அமைந்தது. ஆறு, ஓடை முதலிய நீர்நிலைகளுக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் மிகுந்த மாசு தரும் தொழிற்சாலைகளுக்கு இடமில்லையென்று 1989-ல் மாநில அரசாங்கத்தார் உத்தரவு பிறப்பித்தார்கள். 1998-ல் காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்கும், பாலாறு, பெண்ணையாறு, வைகை, தாமிரபரணி ஆகியவற்றுக்கும் அத்தூரத்தை ஐந்து கிலோமீட்டராக விரித்தார்கள். உத்தரவு காகிதத்தில் விரிந்துகொண்டிருந்தபோது பட்டறைகள் கரையில் விரிந்துகொண்டிருந்தன. அயல்நாட்டார் நம் பனியனை விரும்பி வாங்கத் தொடங்கிய காலம் அது. நேற்றுவரை ஏர் பிடித்தவரும் கைமடித் தொழிலாளராய் இருந்தவரும் முதலாளிகளாயினர். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எமக்கு மனமில்லை. இம்மண்டபத்தின் தூண்களில் பாதி அவ்வுழைப்பால் எழுந்தவை.

இதே காலத்தில் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பெற்றது. சென்னிமலைக்கு அணித்தே நொய்யலின் குறுக்கே 1990-களின் தொடக்கத்தில் அது முடிந்தது. ஈரோடு, கரூர்ப் பக்கங்களில் பதினாயிரம் ஏக்கருக்கு நீர் தருவதற்கென்று எழுப்பியது. மேலே நூற்றுக்கணக்கான பட்டறைகள் கழிவை விடுகின்றன; கீழே அணை அதனைத் தேக்குகிறது. விளைவு யாதாயிருக்கும் என்று கேட்க ஒரு பொறியியல் அறிஞர் வேண்டுமா? சில ஆண்டுகளில் அது சாயக்குட்டையாயிற்று. அணை கட்டினால் மதகைத் திறவுங்கள் என்று உழவர் மனுக் கொடுப்பது உலக வழக்கம். ஒரத்துப்பாளையத்திலோ மதகைத் திறவாதீர்கள் என்று உழவர் மனுக் கொடுத்தனர். மதகு மூடியிருந்தும் பயனில்லை. நின்ற நீர் மண்ணுள் இறங்கிச் சுற்றுப்புறக் கிணறுகளிற் கசிந்தது. தென்னை குருத்துக் கருகியது. நெல்லும் மஞ்சளும் விளைந்த வயலில் உப்புப் பூத்தது. மாடுகள் தொட்டியில் வாய் வைத்து மூக்கைச் சிலுப்பிக்கொண்டு விலகின.

அக்காலத்தில் யாம் நேரிற் கண்ட ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல முடியவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள ஓர் ஊருக்குப் பெண்வீட்டாரோடு மாப்பிள்ளை வீடு பார்க்கச் சென்றிருந்தோம். நல்ல குடும்பம், பையன் படித்தவன், காடு தோட்டத்துக்குக் குறைவில்லை. வெற்றிலைத் தட்டு வைத்தபின், பெண்ணின் தகப்பனார் எழுந்து கொல்லைப்புறம் சென்றார். கிணற்றடியில் ஒரு செம்பு நீர் மொண்டு வாயில் விட்டுக் கொப்புளித்தார். திரும்பி வந்து, "மச்சான், பொழுதாச்சுங்க, இன்னொரு நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். அந்த இன்னொரு நாள் வரவில்லை. மாப்பிள்ளையின் தாயார் அன்று எம் முகத்தைப் பார்த்த பார்வையை இன்றும் மறந்திலோம். அக்கிணற்றைக் கெடுத்த நீர் எவருடைய பட்டறையிலிருந்து வந்ததென்று பெயர் சொல்ல முடியாது; அது எல்லாருடைய நீருமாகும். பெண்ணின் தகப்பனாருக்கும் திருப்பூரில் ஒரு சிறு சலவைப்பட்டறையில் பங்கு இருந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

1990-களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. பட்டறைக்காரர் பலர் கூடி, அரசாங்கத்தாரின் மானியமும் வங்கிக் கடனும் பெற்றுக் கட்டியவை அவை. சுண்ணாம்பும் இரும்புச் சத்தும் இட்டுக் கசடைப் படியவைத்துத் தெளிந்த நீரை வெளிவிட்டன. நிறம் பெரும்பாலும் போயிற்று, நாற்றமும் குறைந்தது. அதிகாரிகள் கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பார்த்து மகிழ்ந்தார்கள். ஆனால் உப்பு சுண்ணாம்புக்கு அஞ்சுவதன்று. உள்ளே வந்த உப்பு உள்ளே வந்தவாறே வெளியே போயிற்று. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்புக் கூடாதென்று வாரியத்தார் விதித்த அளவை அந்நிலையங்களைக் கொண்டு எட்டவே முடியாதென்பது இரசாயனம் முதற்பாடம் படித்தவனுக்கும் தெரியும். பல கோடி ரூபாய் செலவழித்து, தெளிந்த உப்புநீரை ஆற்றில் விட்டோம்.

பின்னர் நிகழ்ந்தவை நீதிமன்றத்தில் நிகழ்ந்தன. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பற்றி வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவனே நஷ்டத்தையும் சீர்திருத்தும் செலவையும் ஏற்கவேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. அதன் பயனாக அமைந்த இழப்பீட்டு ஆணையம் நொய்யற் பக்கத்து நஷ்டத்தையும் கணக்கெடுத்தது. 28,000-க்கு மேற்பட்ட உழவர்களுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் தரவேண்டுமென்று 2004-ல் விதித்தது. பெருந்தொகைபோல் ஒலிக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு ஒன்பதினாயிரம் ரூபாயும் தேறாது. நல்ல கறவைமாடு ஒன்று வாங்கவும் அது போதாது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கிலே 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத ஏற்பாட்டை 2007 ஜூலை முடிவுக்குள் செய்துமுடிக்க வேண்டும்; அதுவரை வெளிவிடும் லிட்டர் ஒன்றுக்கு முதலில் 6 காசும், பிறகு 8 காசும், பிறகு 10 காசும் அபராதம் கட்டவேண்டும் என்பது உத்தரவு. அபராதம் என்பது ஒரு விசித்திரமான பொருள். வைத்தவர் அதனைத் தண்டனையென்று வைக்கிறார். கட்டுகிறவர் அதனை வாடகையென்று எண்ணத் தலைப்படுகிறார். தவணை கழிந்தது. பட்டறைக்காரர் மேல்முறையீடு சென்றனர். 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அவர்தம் பொறுப்பை உறுதிசெய்து மூன்று மாதத் தவணை அளித்தது. அத்தவணையும் கழிந்தது. 2011 ஜனவரி 28-ஆம் நாள், எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின்சாரத்தைத் துண்டிக்குமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

அவ்வாண்டின் துன்பத்தை இங்குள்ளோர் அறிவீர்கள். எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒருங்கே நின்றன. குற்றமொன்றும் செய்யாத தொழிலாளி வீதிக்கு வந்தான். வெளியூரிலிருந்து வந்தவர் மூட்டை கட்டிக்கொண்டு இரயிலேறினர். சிலர் வேலையை அயல் மாவட்டங்களுக்குக் கொண்டுசென்றனர். அதாவது நம் ஆற்றுக்கு நேர்ந்ததை வேறோர் ஆற்றுக்கு நேர்விக்கச் சென்றனர். வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் தருவதாக மாநில அரசாங்கத்தார் அவ்வாண்டே அறிவித்துக் கைகொடுத்தார்கள். அதன்பின் நடந்ததே உண்மையில் வியக்கத்தக்கது. முடியாது, முடியாது என்று பத்தாண்டுகளாகச் சொன்ன காரியம் முடிந்தது. சவ்வுகளின் வழியே கழிவுநீரை அழுத்திச் செலுத்தி நல்ல நீரைப் பிரித்தனர். எஞ்சிய கடும் உப்புநீரைக் கொதிகலத்து நீராவியால் வற்றச்செய்து உப்பை மீட்டனர். மீண்ட நீரும் உப்பும் திரும்பவும் சாயத்தொட்டிக்கே சென்றன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பதினெட்டு இம்முறைக்கு மாறின. பல பெரிய ஆலையார் தனியேயும் அமைத்துக்கொண்டனர். திருப்பூரின் ஏற்றுமதி இக்காலத்தில் ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேலாகியிருக்கிறது. தொழில் அழிந்துவிடும் என்று 2011-ல் புலம்பியவர்களுள் யாமும் ஒருவராயிருந்தோம். எம் வாக்குப் பொய்த்ததில் எமக்கு மகிழ்ச்சியே.

ஆயினும் இது குறையற்ற ஏற்பாடன்று. நீரை வற்றச்செய்ய விறகும் மின்சாரமும் மிகச் செலவாகின்றன. அச்செலவு துணிவிலையில் ஏறுகிறது. மீட்கமுடியாத கலப்பு உப்பும் கசடும் மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் குவிகின்றன. கசடிற் சிறுபகுதியைச் சிமெண்டு ஆலைகள் ஏற்கின்றன; உப்பை ஏற்பார் இலர். இத்தனை செலவையும் ஒழுங்காக ஏற்கிற பட்டறைக்காரர் ஒருவரை, இரவில் மழையோடு மழையாகக் குழாயைத் திறந்துவிடுகிற இன்னொருவர் குறைந்த கூலி சொல்லி வியாபாரத்தில் வீழ்த்துகிறார். இதனையே எல்லாவற்றினும் பெரிய அநியாயமாகக் கருதுகிறோம். மழை பெய்த மறுநாள் நொய்யலில் நுரை மிதப்பதைக் கண்டவர்கள் இங்குப் பலர் இருப்பீர்கள். அந்நுரை முழுவதும் சாயத்தாலானதென்று சொல்வதும் சரியன்று. கோயம்புத்தூர், திருப்பூர் நகரங்களின் சாக்கடை நீர் ஆற்றில் விழுகிறது. அதிற் சோப்பும் மலமும் உண்டு. ஊரார் எல்லாரும் சாயப்பட்டறையைக் கைகாட்டிவிட்டுத் தம் வீட்டுக் கக்கூசுக் குழாய் எங்கே போகிறதென்று கேளாதிருப்பது நேர்மையாகாது.

மத்திய அரசாங்கத்தார் 2024-ல் நீர்ச் சட்டத்தைத் திருத்தியிருக்கின்றனர். முன்பு சிறைத்தண்டனை இருந்த பல குற்றங்களுக்குப் பதிலாகப் பதினாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றம். முதலில் சில மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் மட்டும். மற்ற மாநிலங்கள் தம் சட்டசபையில் தீர்மானித்து ஏற்கலாம். சிறு பிழைக்குச் சிறை கூடாதென்ற வாதத்தில் நியாயமுண்டு. ஆனால் அபராதம் வாடகையாக மாறும் விதத்தை நொய்யற் கரையில் நாம் பார்த்திருக்கிறோம்.

இனி நம் சங்கத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன், இரவில் கழிவுநீர் விட்டதற்காக நம் அங்கத்தினர் ஒருவரின் பட்டறையை அதிகாரிகள் பூட்டி முத்திரையிட்டனர். பிள்ளைகுட்டிக்காரர், கடன்பட்டவர் என்று இரங்கி, சங்கத்தின் சார்பில் ஒரு தூதுக்குழு சென்னைக்குச் சென்றது. மாலையும் மனுவும் கொண்டுசென்றோம். சென்றோம் என்றே சொல்கிறோம், ஏனெனில் யாமும் அதில் இருந்தோம். முத்திரை அகன்றது. ஊர் திரும்பிக் காரியாலயத்தில் தபால்களைப் பிரித்தபோது, கீழ்ப்பகுதி ஊரொன்றிலிருந்து நம் அங்கத்தினர் பதினோரு பேர் கையெழுத்திட்ட கடிதமொன்று இருந்தது. வாய்க்காலில் மீண்டும் சாயநீர் வருகிறது, சங்கத்தார் வந்து பார்வையிட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தேதியைப் பார்த்தோம், நாம் சென்னைக்குப் புறப்படுவதற்கு ஒன்பது நாள் முன்னதாக வந்த கடிதம். அதற்கு இன்றுவரை பதில் எழுதப்பெறவில்லை. பதினொருவரில் இருவர் காலமாகிவிட்டனர். மற்றையோரிற் சிலர் இன்று இவ்வவையில் இருக்கிறார்கள் என்று அறிகிறோம். அவர்களிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

அரசாங்கத்தார் முயற்சி ஏன் தோற்றது என்று கேட்போர்க்கு எம்மிடம் உள்ள விடை இதுவே. அதிகாரி வரும்போது அவருக்கு முன்னே நாம் சென்று நின்றோம். சட்டத்தின் கையைப் பிடித்து நிறுத்தியது வேற்றார் அல்லர்.

ஆகலின் நிருவாக சபையார் ஆலோசிக்கும்பொருட்டுச் சில விஷயங்களை வைக்கிறோம். நீரை மாசுபடுத்தியதற்காக முத்திரையிடப்பெற்ற எந்தப் பட்டறைக்காகவும் சங்கத்தின் பெயரால் தூதுசெல்வதில்லை என்று தீர்மானம் வேண்டும். அகப்பட்டவருடைய குடும்பம் வறுமையுற்றால் பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சங்கம் ஏற்கட்டும். அது வேறு, பரிந்துரை வேறு. இரண்டாவது, நம் கல்யாண மண்டபத்தைப் பற்றியது. முகூர்த்த நாளில் ஆயிரம் இலை விழும் இந்தச் சமையற்கட்டின் கழுவுநீர் பின்சுவர்த் துளைவழியே ஓடைக்குப் போகிறது. ஓடை நொய்யலுக்குப் போகிறது. இதனைச் சரிசெய்ய முறையான தொட்டி கட்டுவதற்கு மதிப்பீடு வாங்கியிருக்கிறோம். முகப்பில் புதிய வளைவு கட்டுவதற்கென்று சேர்ந்துள்ள நிதியிற் பாதி போதும். வளைவு இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்கலாம்.

மூன்றாவது காரியம் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியது. நீரில் கரைந்த உப்பை அளக்கும் சிறு மீட்டர்கள் பேனா அளவில் கடைகளிற் கிடைக்கின்றன. நீரில் தோய்த்தால் எண் காட்டும். ஆற்றோரத்து ஊர் ஒவ்வொன்றிலும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவரிடம் ஒரு மீட்டரைக் கொடுத்து, மாதம் இருமுறை ஊர்க்கிணறு ஒன்றையும் வாய்க்காலையும் அளந்து எழுதச் செய்யலாம். இம்மாதப் பத்திரிகையில் திருமண அறிவிப்புகளுக்கு எதிர்ப்பக்கத்தில் அந்த எண்களை ஊர்வாரியாக அச்சிடலாம். பெண் கொடுப்போரும் எடுப்போரும் ஜாதகத்தோடு அதனையும் பார்த்துக்கொள்வார்கள்.

முதல் மீட்டரை யாமே வாங்கி வந்திருக்கிறோம். இன்று காலை இம்மண்டபத்துக் கிணற்று நீரையும் பின்புறத்து ஓடை நீரையும் அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறோம். அக்கிராசனர் அவர்கள் அனுமதித்தால் இரண்டையும் இம்மேசைமீது வைக்கிறோம். சாப்பாட்டுக்குச் செல்லுமுன் விரும்பியோர் வந்து பார்க்கலாம். தத்தம் வீட்டு நீரைப் புட்டியில் கொண்டுவந்திருப்போர் அளந்தும் பார்க்கலாம்.